கொழும்பா, மிட்வேயா? 1942 ஏப்ரலில் ஜப்பான் கடற்படை முன்னால் இருந்த நாலு வழிகள்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை தாண்டியதும் சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தின் மேல் வந்துவிட்டன. அதே நாளில் டோக்கியோவில், கடற்படைத் தலைமையகத்தில், சில நாட்களாக நடந்த ஒரு வாக்குவாதம் முடிவுக்கு வந்தது. ‘அடுத்தது எங்கே?’ என்பதுதான் அந்த வாக்குவாதம். கடலில் இருந்த ஜப்பானியக் கப்பற்படையின் தலைவர் அட்மிரல் யமமோட்டோ. அவருடைய ஆளாக வந்திருந்த வதனபே, தலைவரின் கப்பலுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, அவர் இறங்கி வரமாட்டார் என்றார். பசிபிக்கிலுள்ள மிட்வே தீவுதான் என்று முடிவானது. இந்துமாக்கடலில் குண்டு போட்டுக்கொண்டிருந்த அதே விமானந்தாங்கிக் கப்பல்களைத்தான், இரண்டு மாதத்தில் பசிபிக்கின் நடுவுக்கு அனுப்பப் போகிறார்கள்.

‘நீங்கள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் கை காட்டியிருப்பீர்கள்?’ என்று கேட்பவர்கள் இரண்டு வகை. பசிபிக் போரைப் படித்துவிட்டு, இலங்கையை ஏன் விட்டார்கள் என்று மனசு ஆறாதவர்கள் ஒரு வகை. அந்தப் போரைப் பலகையிலோ கணினியிலோ ஜப்பான் பக்கம் நின்று ஆடி, 1942 ஏப்ரல் வந்ததும் திகைத்து நிற்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் ஒரே பதில் பொருந்துமா என்று பார்ப்போம். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

சுஷிமா போட்ட கணக்கு

1905 மே 27, 28. பால்டிக் கடலிலிருந்து பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்த ரஷ்யக் கடற்படையை, சுஷிமா நீரிணையில் அட்மிரல் தோகோ இரண்டே நாளில் ஒழித்துக்கட்டினார். ஜப்பான் பக்கம் மூழ்கியவை மூன்று டார்பிடோ படகுகள். நிஷின் என்ற க்ரூசரில் இருந்த 21 வயது இளைஞர் ஒருவருக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. அவர்தான் பிற்பாடு யமமோட்டோ இசொரொகு.

அந்த வெற்றியிலிருந்து ஒரு கோட்பாடு முளைத்தது. ஜப்பானிய மொழியில் ‘கன்டாய் கெஸ்ஸென்’. நாம் முடிவுப் போர் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கடற்படை பசிபிக்கைக் கடந்து வரும். வருகிற வழியிலேயே நீர்மூழ்கிகளும் தீவுகளிலிருந்து எழும் குண்டு விமானங்களும் அதை அரித்துவிட வேண்டும். பிறகு ராத்திரியில் க்ரூசர்களும் டெஸ்ட்ராயர்களும் டார்பிடோவால் அடிக்க வேண்டும். மிச்சத்தைப் பெரிய பீரங்கிகள் முடிக்கும். அமெரிக்க பலத்தில் எழுபது சதவீதம் இருந்தால் போதும் என்று கணக்கு. 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் அறுபதோடு நிறுத்தியபோது ஏற்பட்ட ஆத்திரம் கடைசிவரை தணியவில்லை. 46 சென்டிமீட்டர் பீரங்கிகளோடு யமாட்டோ என்ற போர்க்கப்பலைக் கட்டியது இந்தக் கணக்குக்காகத்தான். யமமோட்டோ செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: எதிரி வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாமே போய் இழுத்து வருவோம் என்றார்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு. சுஷிமா முடிந்த கையோடு ஏன் ரஷ்யா பேச்சுவார்த்தைக்கு வந்தது? அங்கே உள்நாட்டில் புரட்சி கிளம்பியிருந்தது. ஜப்பானிடமும் காசு தீர்ந்திருந்தது. நடுவே நின்று பேச அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இருந்தார். கடலில் நடந்ததோடு இந்த மூன்றும் சேர்ந்துதான் போரை முடித்தன. கோட்பாடு எழுதியவர்கள் பீரங்கியைப் பிடித்துக்கொண்டார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள்.

எதை வைத்து எடை போடுவது

கடற்படை தானே வைத்திருந்த அளவுகோல் ஒன்று: அமெரிக்க விமானந்தாங்கிகள் வெளியே வருமா? 1941 டிசம்பரில் ஹவாயின் பர்ல் ஹார்பர் தளத்தைத் தாக்கியபோது அவை சிக்கவில்லை என்ற உறுத்தல் யமமோட்டோவுக்கு விடவே இல்லை.

நான் இன்னும் நாலு சேர்க்கிறேன். எண்ணெயும் சரக்குக் கப்பலும் எவ்வளவு தின்னும்? போர் தொடங்கும்போது ஜப்பான் கையிருப்பு சுமார் 4.3 கோடி பீப்பாய் எண்ணெய், சுமார் 60 லட்சம் டன் வணிகக் கப்பல்கள். அதில் பாதிக்கு மேல் ராணுவமும் கடற்படையும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. அடுத்து, தரைப்படை ஆள் தருமா? அவர்கள் கண் சீனாவிலும் மஞ்சூரிய எல்லையிலும் இருந்தது. மூன்றாவது, தோற்றால் என்னென்ன போகும்? நான்காவதுதான் எனக்கு முக்கியம்: வென்ற மறுநாள் காலையில் என்ன செய்வது?

கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. 1940 ஜூலையிலேயே அமெரிக்கா தன் கடற்படையை எழுபது சதவீதம் பெருக்கச் சட்டம் போட்டுவிட்டது. எசெக்ஸ் வகை விமானந்தாங்கிகளில் முதலாவது 1942 கடைசி நாளில் பணியில் சேர்ந்தது. மொத்தம் 24 கட்டினார்கள். ஆக, எந்த வழியாக இருந்தாலும் ஏழெட்டு மாதத்துக்குள் பலன் தர வேண்டும்.

கிழக்கு: மிட்வே, பிறகு ஹவாய்

கடற்படையின் சொந்த அளவுகோலில் இதற்குத்தான் முழு மதிப்பெண். ஹவாயிலிருந்து சுமார் 2,100 கிலோமீட்டரில் இருக்கும் தீவைத் தொட்டால் அமெரிக்கா வந்தே ஆக வேண்டும். வந்தது.

மறைந்திருந்த செலவுகள் பல. இந்த நடவடிக்கைக்குச் செலவாகும் எண்ணெய், அமைதிக் காலத்தில் கடற்படை ஒரு வருஷம் முழுக்கச் செலவழிப்பதைவிட அதிகம். ஆள் இறக்கித் தீவைப் பிடிக்கச் சுமார் 5,000 பேர். பிடித்தபின் அரிசி, தண்ணீர், சிமெண்ட், பெட்ரோல் எல்லாம் ஹவாயிலிருந்து வரும் குண்டு விமானங்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் நடுவே போய்ச் சேர வேண்டும். தலைமையகத்தில் இதைச் சொல்லி மல்லுக்கட்டியவர் மியோ என்ற அதிகாரி. கேட்பார் இல்லை. பர்ல் ஹார்பர் சமயத்தில் யமமோட்டோ ராஜினாமா மிரட்டல் விட்டுக் காரியம் சாதித்திருந்தார். இந்த முறை அதன் நினைவே போதுமாக இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் யமாட்டோ கப்பலிலேயே மேசைப் போர் நடத்திப் பார்த்தார்கள். மிட்வேயிலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிகளைத் தாக்குவதாக ஒரு கட்டம். பகடை உருட்டினார்கள். ஒன்பது குண்டுகள் விழுந்ததாகக் கணக்கு. அகாகியும் காகாவும் மூழ்கின. உடனே நடுவராக இருந்த தலைமை அதிகாரி உகாகி குறுக்கிட்டார். ஒன்பது வேண்டாம், மூன்று என்று போடுங்கள் என்றார். அகாகிக்கு லேசான சேதம், காகா மட்டும் மூழ்கியது. பிறகு அடுத்த கட்டமான பிஜித் தீவு ஆட்டத்துக்குப் போனபோது, மூழ்கிய காகாவும் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. பகடையில் தோற்றுவிட்டு, விழுந்தது செல்லாது என்று மறுபடி உருட்டுகிற தாயக்கட்டை ஆட்டத்தை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். வித்தியாசம், இங்கே காய்களுக்குள் ஆட்கள் இருந்தார்கள்.

ஜூன் 4 அன்று விழுந்த குண்டுகளில் அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ நான்குமே போயின. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். ஹவாயில் அமெரிக்கக் கடற்படையின் ரோச்ஃபோர்ட் குழு ஜப்பானியச் சங்கேதத்தைப் படித்துக்கொண்டிருந்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. எனக்கு அதைவிடக் கசப்பாகப் படுவது யமமோட்டோ தன் பலத்தைப் பிரித்துக்கொண்ட விதம். இரண்டு விமானந்தாங்கிகளை அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளுக்கு அனுப்பினார். மே மாதம் ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே நடந்த பவளக் கடல் சண்டையால் இன்னும் இரண்டு வர முடியாமல் போயின. அவரே பெரிய பீரங்கிகளோடு, விமானந்தாங்கிகளை நடத்திய அட்மிரல் நகுமோவுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்னால் வந்தார். முடிவுப் போர் வேண்டும் என்று தேடிப் போனவர், அது நடந்த இடத்தில் இல்லை.

சரி, வென்றிருந்தால்? அடுத்து ஹவாய் என்பார்கள். ஹவாய் மக்களுக்குச் சாப்பாடே பெரும்பாலும் கப்பலில்தான் வந்துகொண்டிருந்தது. பிடித்தவன்தான் ஊட்ட வேண்டும். அதற்கு எத்தனை கப்பல் என்று கணக்குப் போட்டாலே திட்டம் மடிந்துவிடும்.

தெற்கு: பிஜி, சமோவா, நியூ கலிடோனியா

இது டோக்கியோ தலைமையகத்தின் செல்லத் திட்டம். அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பாதையை அறுத்துவிட்டால், எதிர்த்தாக்குதலுக்கு அமெரிக்காவுக்குக் காலூன்ற இடம் இருக்காது. ஆஸ்திரேலியாவையே பிடிக்கலாம் என்றும் கடற்படையில் சிலர் பேசினார்கள். பத்துக்கும் மேற்பட்ட டிவிஷன் வேண்டும் என்று தரைப்படை ஒரே வாக்கில் கதவைச் சாத்தியது.

காகிதத்தில் இது மிட்வேயைவிட அறிவான யோசனை. அமெரிக்கா இங்கேயும் வரும். அதுவும் தன் தளத்திலிருந்து வெகு தூரம் வந்துதான் சண்டை போட வேண்டும். சிக்கல், அந்தத் தூரம் ஜப்பானுக்கும் அதே தூரம். சாலமன் தீவுகளில் அது நிரூபணமானது. 1942 ஆகஸ்டில் அமெரிக்கர்கள் குவாடல்கனாலில் இறங்கியதும், ரபவுல் தளத்திலிருந்து ஜப்பானிய விமானிகள் ஆயிரம் கிலோமீட்டர் பறந்து போய்ச் சில நிமிஷம் சண்டை போட்டுவிட்டு மறுபடி ஆயிரம் கிலோமீட்டர் திரும்பினார்கள். ஆறு மாதம் இப்படியே ஓடியது. பிஜி அதைவிட மிகவும் தள்ளி. பாதையை அறுத்த மறுநாளிலிருந்து, அறுத்த இடத்தைக் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை ஜப்பான் கழுத்தில்தான் இருக்கும்.

மேற்கு: இலங்கை, வங்காள விரிகுடா

நம் வாசகர்களுக்கு இதுதான் நெருக்கம். எங்கள் வீட்டில் வயதானவர்கள் காலத்தைச் சொல்வதே ‘மெட்ராஸைக் காலி பண்ணின வருஷம்’ என்றுதான். ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் லட்சக்கணக்கானோர் ரயிலும் மாட்டு வண்டியும் பிடித்து உள்ளூர்களுக்குப் போனார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். ஜப்பான்காரன் சென்னையில் இறங்கத் திட்டம் வைத்திருக்கவில்லை என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இலங்கையைப் பிடிக்கும் யோசனை மட்டும் நிஜமாகவே இருந்தது. பிப்ரவரியில் யமாட்டோவில் இதற்கும் மேசைப் போர் நடத்தினார்கள். ஜனவரி 18 அன்று ஜெர்மனி, இத்தாலியோடு போட்ட ராணுவ ஒப்பந்தம் கிழக்குத் தீர்க்கரேகை 70 பாகையை எல்லையாக வைத்திருந்தது. இலங்கை முழுசாக ஜப்பான் பக்கம். பலன்களை அடுக்கினால் தலை சுற்றும். திருகோணமலை சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள். மலாயா விழுந்தபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய முக்கிய இயற்கை ரப்பர். எகிப்துக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் போகிற பிரிட்டிஷ் கப்பல் பாதை. ஈரானின் அபாதான் எண்ணெய். பிரிட்டன் ஏற்கெனவே மூன்று பக்கம் மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரம்.

ஏப்ரல் தாக்குதலே இதில் பாதியைக் காட்டிவிட்டது. கொழும்பிலிருந்து விலகிப் போன டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு க்ரூசர்களும் ஐந்தாம் தேதி பிற்பகலே மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். ஒன்பதாம் தேதி திருகோணமலையில் குண்டு, அன்றே மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்ம்ஸ் விமானந்தாங்கி மூழ்கியது. இன்றும் முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் அட்மிரல் சாமர்வில் தன் கடற்படையில் ஒரு பகுதியை ஆப்பிரிக்காவின் மொம்பாசா பக்கம் ஒதுக்கினார். இவற்றையெல்லாம்விட நான் கோடிட்டுக் காட்டுவது இன்னொரு ஜப்பானிய அட்மிரலான ஒசாவாவின் வேலையை. நகுமோ பெயர் வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு சின்ன விமானந்தாங்கியையும் சில க்ரூசர்களையும் வைத்துக்கொண்டு அவர் வங்காள விரிகுடாவில் 23 சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார். சுமார் 1,12,000 டன். சில நாள் வேலை. அதன்பிறகு கொஞ்ச காலம் அந்தக் கடலில் கப்பலே ஓடவில்லை.

பிறகு ஏன் விட்டார்கள்? தரைப்படை ஆள் தர மறுத்தது ஒன்று. இன்னொன்று, இங்கே அமெரிக்கக் கடற்படை வராது. ரப்பர், எண்ணெய், சூயஸ் எல்லாம் அந்த ஒரு கேள்வியின் முன்னால் எடுபடவில்லை.

மறைந்த செலவும் உண்டு, அதை ஒளிக்கக் கூடாது. இலங்கையில் அந்த நேரத்தில் ஆஸ்திரேலியப் படைப்பிரிவுகள் உட்பட நல்ல காவல் இருந்தது. தீவைப் பிடிப்பது வேறு, மலாக்கா நீரிணை வழியே அதற்கு வருஷக்கணக்கில் சோறு போடுவது வேறு. நகுமோவின் கப்பல்கள் டிசம்பரிலிருந்து ஓயாமல் ஓடிக் களைத்திருந்தன. அவை மேற்கே இருக்கும் ஒவ்வொரு வாரமும் பசிபிக்கில் அமெரிக்க விமானந்தாங்கிகளுக்கு வாசல் திறந்தே கிடக்கும். ஏப்ரல் 18 அன்று அமெரிக்க விமானந்தாங்கியிலிருந்து கிளம்பிய டூலிட்டிலின் 16 விமானங்கள் டோக்கியோ உட்பட ஜப்பானிய நகரங்கள் மேல் பறந்தபோது அதுதான் நடந்தது.

வீடு: பிடித்ததைக் காத்துக்கொண்டு இருப்பது

யாருக்கும் பிடிக்காத வழி. இதற்கு ஆதரவாகக் கடற்படைக்குள்ளேயே ஒருவர் 1941 ஜனவரியில் மனு எழுதிக் கொடுத்திருந்தார்: இனோவே ஷிகெயொஷி. அமெரிக்காவைத் தோற்கடிக்க நம்மால் ஆகாது. பெரிய போர்க்கப்பல் கட்டுவதை நிறுத்துங்கள். விமானம், நீர்மூழ்கி, கடல் பாதைப் பாதுகாப்பு இவற்றுக்குச் செலவழியுங்கள் என்பது சாரம். அவரைத் தெற்கே நான்காம் கடற்படைக்கு மாற்றினார்கள். பவளக் கடல் சண்டைக்குத் தலைமை ஏற்க வேண்டியவராகவும் அவரே ஆனார். கணக்குத் தெரிந்தவர் கையில் பகடையைக் கொடுத்த கதை.

போருக்குக் காரணமே இந்தோனேசிய எண்ணெய். அதைக் கிணற்றிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுவரும் டேங்கர்களைக் காக்க ஏற்பாடு இல்லையென்றால் பிடித்ததன் அர்த்தம் என்ன? 1942-இலும் 1943-இன் பெரும்பகுதியிலும் அமெரிக்க நீர்மூழ்கிகளின் டார்பிடோக்கள் ஓட்டை உடைசலாக இருந்தன. குறிக்கு அடியில் போயின, மோதியும் வெடிக்கவில்லை. அவர்கள் அதைச் சரிசெய்த காலத்தில் ஜப்பான் பாதுகாப்புக் கப்பல்களைக் கட்டிக் கூட்டமாகப் பயணம் செய்யப் பழகியிருக்கலாம். கப்பல் பாதுகாப்புக்கென்று தனித் தலைமை அமைத்தது 1943 நவம்பரில்தான். வணிகக் கப்பல் இழப்பில் பாதிக்கு மேல் கடைசியில் நீர்மூழ்கிகள் கணக்கில் விழுந்தது.

இதன் மறைந்த செலவு நேரம். காத்திருந்தால் எசெக்ஸ் கப்பல்கள் வரும். இது போரை வெல்லும் வழி இல்லை. விலையை ஏற்றி, எதிரி சலித்துப் பேரம் பேச வருவானா என்று பார்க்கும் வழி. பர்ல் ஹார்பருக்குப் பிறகு அமெரிக்கா சலிக்குமா என்பது தனிக் கேள்வி. எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒரே பார்வையில்

| | கிழக்கு | தெற்கு | மேற்கு | வீடு |
|---|---|---|---|---|
| அமெரிக்கா வருமா | கட்டாயம் | அநேகமாக | வராது | தன் சௌகரியத்துக்கு |
| எண்ணெய், கப்பல் | மிக அதிகம் | அதிகம், நீடித்து | பிடித்தால் அதிகம். தாக்கிவிட்டு வந்தால் குறைவு | குறைவு |
| தரைப்படை | கொஞ்சம் போதும் | ஓரளவு | மறுத்துவிட்டது | தேவையில்லை |
| தோற்றால் | எல்லாம் | மெல்ல மெல்ல எல்லாம் | பாதி. திரும்பி வரலாம் | உடனே ஒன்றும் இல்லை |
| வென்ற மறுநாள் | சோறு போட வேண்டிய தீவு | காக்க வேண்டிய கயிறு | பிரிட்டனுக்கு நிஜ நெருக்கடி | இன்னொரு நாள் |

அப்படியானால் எது?

விளையாடுபவர்களுக்கு முதலில். உங்கள் ஆட்டத்தில் வெற்றிப் புள்ளி விமானந்தாங்கிகளுக்கு என்றால் கிழக்கே போங்கள், ஆனால் பெரிய விமானந்தாங்கிகள் ஆறையும் சேர்த்துக்கொண்டு போங்கள். அலூஷியன் பக்கம் திரும்பியும் பார்க்காதீர்கள். எதிராளி அவசரக்காரர் என்றால் தெற்கு நல்லது, தூண்டில் போட்டுவிட்டு பசிபிக்கின் ட்ரக் தீவிலுள்ள ஜப்பானியத் தளத்தை ஒட்டி நில்லுங்கள். 1945 வரை தாக்குப் பிடித்தாலே வெற்றி என்ற விதி இருந்தால் வீடு. முதல் சுற்றிலிருந்தே பாதுகாப்புக் கப்பல்.

வரலாறாகக் கேட்பவர்களுக்கு: நான் மேற்கைத் தேர்ந்திருப்பேன், இலங்கையைப் பிடிக்காமல். நகுமோவைப் பசிபிக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒசாவா மாதிரி ஒரு சிறு படையைப் பினாங்கிலும் அந்தமானிலும் வைத்து, 1942 முழுக்க சூயஸ் பாதையின் சரக்குக் கப்பல்களை வேட்டையாடுவேன். ஜூன் 21 அன்று லிபியாவில் பிரிட்டன் வைத்திருந்த டோப்ரூக் விழுந்தது. எகிப்தில் பிரிட்டன் கைவிட்டுப் போகும் நிலை. அந்த வாரங்களில் இந்துமாக்கடலில் மூழ்கும் ஒவ்வொரு கப்பலும் இரட்டை விலை பெறும். கூடவே டேங்கர் பாதுகாப்பு. போரை வெல்ல இது போதுமா? போதாது. நாலில் எதுவுமே போதாது. ஆனால் மறுநாள் காலைக்கு ஏதாவது பதில் வைத்திருந்தது இது ஒன்றுதான்.

நடந்தது வேறு. 1944-இல் டேங்கர்கள் மூழ்கி மூழ்கி, எண்ணெய் ஜப்பானுக்கு வருவது அருகிப் போய், போர்க்கப்பல்கள் எண்ணெயைத் தேடிச் சிங்கப்பூருக்குத் தெற்கே லிங்காவில் போய் நின்றன. விமானந்தாங்கிகள் உள்நாட்டுக் கடலில், புது விமானிகளுக்காகக் காத்துக் கிடந்தன. அந்த அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே சண்டைக்கு, நாலு விமானந்தாங்கிகளில் நூற்றுச் சொச்சம் விமானங்களை ஏற்றி, அமெரிக்கர்களை வடக்கே இழுக்கத் தூண்டில் புழுவாக அனுப்பினார்கள். அதற்குத் தலைமை தாங்கிப் போனவர் ஒசாவா. அவர் வேலையைச் சரியாகவே செய்தார். அமெரிக்க அட்மிரல் ஹால்ஸி வடக்கே வந்தார். நாலு கப்பலும் மூழ்கின.